குளிர்காலக் குளம்: தண்ணீர் தெளிந்திருக்கிறது, அமோனியா ஏறுகிறது

கரையோரம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் உள்ள என் குளம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், சராசரியாக 1 மீட்டர் ஆழம். கணக்குப் போட்டால் 6,000 லிட்டர் வருகிறது. தங்கமீன்களும் நடுத்தர அளவுள்ள கோய் கெண்டைகளும் இருக்கின்றன. குளிர் இறங்கிய பிறகு அடித்தரை தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிந்துவிட்டது. கோடையில்கூட இப்படித் தெளிந்து பார்த்ததில்லை.

ஆனால் மீன்கள் ஒரே மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றன. இரண்டு கோய்கள் துடுப்பை உடம்போடு ஒட்டிவைத்தபடியே இருக்கின்றன. தண்ணீர் காலையில் 5 டிகிரி, மதியம் 7 டிகிரி. கடுங்குளிர் விடியலில் ஓரத்துப் படிகளில் மெல்லிய பனிக்கட்டி பிடிக்கிறது. காலையில் சோதித்தபோது அமோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம், நைட்ரைட் 0.25, பி.எச். 8.0.

பாதித் தண்ணீரை மாற்றிவிடலாமா? பம்பை நிறுத்த வேண்டுமா? தண்ணீர் இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது அமோனியா எங்கிருந்து வருகிறது என்பதே எனக்குப் புரியவில்லை.

செங்கெண்டை

பாதித் தண்ணீரை மாற்ற வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். குளிரில் விறைத்துக் கிடக்கும் மீனுக்குத் திடீர் மாற்றம் அமோனியாவைவிடக் கேடு.

அமோனியா எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். தண்ணீர் தெளிந்ததும் அமோனியா ஏறியதும் ஒரே காரணத்தால்தான். கோடையில் உங்கள் தண்ணீர் பச்சையாக இருந்ததற்குக் காரணம் அதில் மிதந்த நுண்பாசி. அந்தப் பாசி அமோனியாவை உரமாக உண்டு வளர்ந்தது. குளிரும் குறைந்த வெயிலும் பாசியை ஒடுக்கின; தண்ணீர் தெளிந்தது; அமோனியாவை உண்ண ஆளில்லாமல் போயிற்று. வடிகட்டியில் குடியிருந்து அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நைட்ரஜன் பாக்டீரியாவும் 10 டிகிரிக்குக் கீழே வெகுவாக மந்தமாகிவிடும். 4 டிகிரியை நெருங்கும்போது கிட்டத்தட்ட வேலையையே நிறுத்திவிடும். மீனோ உண்ணாமல் இருந்தாலும் செவுள் வழியாகச் சிறிதளவு அமோனியாவை வெளியேற்றிக்கொண்டேதான் இருக்கும். அதனால் குளிர்காலத்தில் தெளிந்த தண்ணீரைக் கண்டு யாரும் நிம்மதி அடைய வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள். மதியம் மூன்று மணி வாக்கில் பி.எச். எவ்வளவு? கார்பனேட் கடினத்தன்மை (பி.எச். தாறுமாறாக மாறாமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டின் அளவு; இதற்கும் டிகிரி என்றே பெயர்) எவ்வளவு? அடியில் சருகு கிடக்கிறதா? தீவனம் போடுகிறீர்களா?

நீர்முள்ளி

சோதிக்கும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 5 டிகிரித் தண்ணீரை அப்படியே சோதனைக்குழாயில் எடுத்துத் துளிமருந்தை விட்டால் நிறம் மெதுவாகத்தான் ஏறும். குறிப்பிட்ட நேரம் முடிந்ததும் பார்த்தால் வெளிர்மஞ்சளாக நிற்கும், நாமும் அமோனியா இல்லை என்று எண்ணிக்கொள்வோம். அதே குழாயை அறைக்குள் வைத்துச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள், பச்சை ஏறியிருக்கும். எனவே அமோனியா சோதனைக்கான நீரை மூடிய புட்டியில் எடுத்துவந்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு மருந்தை விடுங்கள்.

பி.எச்.சுக்கு மட்டும் இது பொருந்தாது. அதைக் குளக்கரையிலேயே உடனே பார்த்துவிட வேண்டும். தண்ணீரை வைத்திருந்தால் கரியமில வாயு வெளியேறி அளவு மாறிவிடும்.

கரையோரம்

நன்றி. நீர்முள்ளி சொன்னபடி வைத்துப் பார்த்தேன். அமோனியா 1-தான், மாறவில்லை. மதியம் பி.எச். 8.6. கார்பனேட் கடினத்தன்மை 3 டிகிரி. சுவர்களில் நூல்பாசி நீளமாகத் தொங்குகிறது. அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் சருகு இருக்கிறது. மதிய வெயிலில் மீன்கள் மேலே வரும்போது ஒரு கைப்பிடி தீவனம் போடுகிறேன்.

அல்லித்தண்டு

5 டிகிரியில் 1 மில்லிகிராம் அமோனியா ஒன்றும் செய்யாது. குளிரில் அமோனியாவுக்கு நஞ்சு குறைவு. வீணாகக் கவலைப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது.

செங்கெண்டை

அல்லித்தண்டு சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் மீன் செத்துவிடும்.

நாம் சோதனையில் காண்பது மொத்த அமோனியா. அதில் பெரும்பகுதி அமோனியம் என்ற வடிவில் இருக்கும். அதனால் பெரிய தீங்கு இல்லை. நஞ்சாவது தனி அமோனியா வடிவம். எந்த வடிவம் எவ்வளவு என்பதை வெப்பநிலையும் பி.எச்.சும் தீர்மானிக்கின்றன. பி.எச். 8 என்று வையுங்கள். 25 டிகிரியில் மொத்தத்தில் சுமார் 5 சதவீதம் நஞ்சு வடிவில் இருக்கும். 5 டிகிரியில் அது சுமார் 1.2 சதவீதம்தான். அதாவது கரையோரத்தின் குளத்தில் காலையில் நஞ்சு அமோனியா லிட்டருக்கு 0.012 மில்லிகிராம். மீன் வளர்ப்பில் நீண்ட காலத்துக்கு 0.02-ஐத் தாண்டக் கூடாது என்று வழக்கமாகக் கொள்கிறோம். இதுவரை அல்லித்தண்டு சொன்னது சரி.

இப்போது மதியத்துக்கு வாருங்கள். 7 டிகிரி, பி.எச். 8.6. நஞ்சு வடிவம் 5 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது, 0.055 வருகிறது. எல்லையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதே தண்ணீர், அதே நாள், அதே மொத்த அமோனியா. காலையில் மட்டும் சோதிப்பவருக்கு இது தெரியவே வராது. நூல்பாசி இன்னும் வளர்ந்து பி.எச். 9-ஐத் தொட்டால் 7 டிகிரியிலும் 13 சதவீதம் நஞ்சாகிவிடும்.

பி.எச். ஏன் மதியத்தில் இப்படி எகிறுகிறது? தெளிந்த தண்ணீரில் வெயில் அடிவரை இறங்குகிறது. நூல்பாசி குளிரையும் பொறுத்துக்கொண்டு வளரும். அது பகலில் கரியமில வாயுவை இழுக்க இழுக்க பி.எச். ஏறும். தாங்கிப் பிடிக்கக் கார்பனேட் இல்லை. 3 டிகிரி என்பது மிகவும் குறைவு. மழைநீர் சேர்ந்து நீர்த்துப்போயிருக்கலாம். பாக்டீரியாவும் ஆண்டு முழுவதும் அதைத் தின்றிருக்கும்: 1 கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்றுவதற்கு கால்சியம் கார்பனேட் கணக்கில் 7 கிராமுக்கு மேல் காரத்தன்மை செலவாகிறது.

அல்லித்தண்டு

மதியக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

செங்கெண்டை

தீவனத்தை இன்றோடு நிறுத்துங்கள், கரையோரம். மீன் மேலே வந்து வாயைத் திறக்கும், மனம் கேட்காது. ஆனாலும் 10 டிகிரிக்குக் கீழே தங்கமீனுக்கும் கோய்க்கும் செரிமானம் மிக மந்தம், உடம்பு கேட்கும் ஆற்றலும் மிகக் குறைவு. உடலில் சேர்ந்த கொழுப்பே குளிர்காலத்தைக் கடத்திவிடும். நல்ல நிலையில் உள்ள மீன் வாரக்கணக்கில் இரையின்றி இருந்தும் கெடுவதில்லை.

அடுத்து, கடினத்தன்மை. சமையல் சோடா போதும். 1,000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் ஏறக்குறைய 1 டிகிரி ஏறும். உங்கள் குளத்துக்கு 180 கிராம். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, நீர் ஓடும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு 1 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். 5 அல்லது 6 டிகிரியில் நிறுத்திக்கொள்ளுங்கள். சோடா பி.எச்.சைத் தாறுமாறாக ஏற்றிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது பி.எச்.சை 8.3 பக்கமாக இழுத்து நிறுத்துமே தவிர அதற்கு மேல் தள்ளாது.

நூல்பாசியைக் கையால் சுருட்டி எடுங்கள். பாசிக்கொல்லி மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். செத்த பாசி அழுகி உயிர்வளியைத் தின்னும், மறுபடி அமோனியாவாகும்.

பாசிமணி

பம்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. குளிர்காலத்தில் பம்பை நிறுத்த வேண்டும் என்பது அடிப்படை விதி. தண்ணீருக்கு அடர்த்தி மிகுவது 4 டிகிரியில். எனவே மேலே உறைந்தாலும் அடியில் 4 டிகிரித் தண்ணீர் தங்கும்; மீன்கள் அதில்தான் பிழைக்கின்றன. பம்பு அதைக் கலக்கிவிட்டால் குளம் முழுவதும் 4-க்குக் கீழே இறங்கிவிடும்.

நீர்முள்ளி

அது 2 மீட்டர் ஆழமுள்ள, மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும் குளத்துக்கு நல்ல விதி. இங்கே ஓரத்தில் மட்டும்தான் பனிக்கட்டி. பம்பை நிறுத்தினால் வடிகட்டி ஓட்டமின்றிக் கிடக்கும். உள்ளே இருக்கும் பஞ்சில் உயிர்வளி தீர்ந்து, மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் செத்துவிடும். பிறகு ஒரு நாள் பம்பை முடுக்கினால் அந்த நாறிய தண்ணீர் நேராகக் குளத்துக்குள் போகும். அப்படி நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் வடிகட்டியை முழுவதும் வடித்து, பஞ்சைக் குளத்து நீரிலேயே அலசி, காலியாக வைத்துவிட வேண்டும். புற ஊதா விளக்கு இருந்தால் அதையும் அணைத்து நீரை வடித்துவிடுங்கள். உள்ளே நீர் உறைந்தால் கண்ணாடிக்குழாய் வெடித்துவிடும்.

பாசிமணி

மந்தமாகிவிட்ட பாக்டீரியாவுக்காக மீனைக் குளிரில் அலைக்கழிப்பதா? எனக்கு உடன்பாடில்லை.

செங்கெண்டை

இருவருக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு. உறிஞ்சும் வாயை அடியிலிருந்து தூக்கி நடு ஆழத்தில் வையுங்கள். அருவி இருந்தால் அதை நிறுத்திவிட்டுத் தண்ணீரைக் குழாய் வழியாக நீர்மட்டத்துக்குக் கீழேயே திரும்ப விடுங்கள். அருவியில் விழும் ஒவ்வொரு துளியும் காற்றில் குளிர்ந்து இறங்குகிறது. வெப்பம் பெருமளவில் வெளியேறுவது அந்த வழியில்தான். பிறகு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் அளந்து பாருங்கள். விவாதத்தை அது தீர்த்துவைக்கும்.

கரையோரம்

நேற்றும் இன்றும் விடியலில் அளந்தேன். இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே அளவு குளிர். பம்பு அடியில் இருந்தபோது மேலும் கீழும் ஒரே 3 டிகிரி. உறிஞ்சும் வாயை நடுவுக்கு உயர்த்தி, அருவியை நிறுத்திய பிறகு மேலே 2, அடியில் 4. மீன்கள் மூலையை விட்டு அடிநடுவுக்கு வந்துவிட்டன. பாசிமணி, நீர்முள்ளி இருவருக்கும் நன்றி.

இப்போது சருகு. கசடு உறிஞ்சும் கருவியால் மொத்தமாக எடுத்துவிடலாமா?

பாசிமணி

அளவைக் கண்ட பிறகு எனக்கும் சம்மதம். பம்பு ஓடட்டும்.

சருகை மொத்தமாக எடுக்காதீர்கள். ஒரு குச்சியைச் சருகுக்குள் மெல்லச் செருகிப் பாருங்கள். குமிழி கொத்தாக மேலே வந்து உடையும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கீழே ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கியிருக்கிறது என்று பொருள். அதை ஒரேயடியாகக் கிளறினால் ஒரே இரவில் எல்லா மீனும் போய்விடும். குளிரில் அசையாமல் இருக்கும் மீன் தப்பி ஓடவும் செய்யாது.

நீர்முள்ளி

பாசிமணி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். வெயில் உள்ள நாளில், காற்றுக்கல் குமிழி விட்டுக்கொண்டிருக்க, அகன்ற மெல்லிய வலையால் மேலடுக்குச் சருகை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். வலையைத் தரையில் உரசி இழுக்கக் கூடாது. குளத்தின் கால்வாசிப் பரப்பை எடுத்ததும் நிறுத்திவிட்டு மறுவாரம் அடுத்த பகுதிக்குப் போங்கள். கறுத்துக் கூழான கசடு வசந்தம் வரை அப்படியே கிடக்கட்டும்.

வரும் ஆண்டில் இலை உதிரத் தொடங்கும் முன்பே குளத்தின் மேல் வலை கட்டிவிடுங்கள். அல்லி இலை மஞ்சளாகும்போதே தண்டோடு நறுக்கி எடுத்துவிட வேண்டும். மிதக்கும் ஆகாயத்தாமரை உறைபனி பட்டால் ஓரிரு நாளில் கூழாகிவிடும்; அதற்கு முன்னரே அகற்றிவிடுவது நல்லது. குளிர்காலத்து நீரின் தரம் பாதிக்கு மேல் இலையுதிர் காலத்திலேயே முடிவாகிவிடுகிறது.

மழைத்துளி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் குளத்தில் மேல்பரப்பு முழுவதும் உறைந்துவிட்டது. சுத்தியால் உடைத்துத் துளை போடலாமா?

பாசிமணி

உடைக்காதீர்கள். அடியின் அதிர்வு தண்ணீருக்குள் நேராகப் பாய்ந்து மீனைத் தாக்கும். அடிப்பகுதி தட்டையான பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றிப் பனிக்கட்டி மேல் வையுங்கள். தானே உருகித் துளை விழும். பாத்திரம் உள்ளே விழாமல் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். வெந்நீரைக் குளத்தில் ஊற்ற வேண்டாம். பனிக்கட்டி மேல் நீங்களும் ஏறாதீர்கள்.

துளை எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். உயிர்வளி உள்ளே போவதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குளிர்ந்த நீர் உயிர்வளியை நிறையவே பிடித்துவைக்கும்: 0 டிகிரியில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் வரை; 30 டிகிரியில் அது 7.6-தான். மீனுக்குத் தேவையும் குறைவு. ஆனால் அழுகும் சருகிலிருந்து வரும் கரியமில வாயு, மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகியவை வெளியேற வழி வேண்டும். துளையின் முதல் வேலை அதுதான். மேலே பனி மூடி வெளிச்சம் நின்றுவிட்டால், பாசியும் உயிர்வளி தருவதை நிறுத்திவிடும். அதனால் பனிக்கட்டி மேல் படியும் வெண்பனியைத் தள்ளிவிடுங்கள், கரையில் நின்றபடி கை எட்டும் வரை.

காற்றுக்கல் வைத்தால் துளை தானாகவே திறந்திருக்கும். அதை அடியில் வைக்காமல், நீர்மட்டத்திலிருந்து 30 சென்டிமீட்டர் கீழே, ஓரமாக வையுங்கள். மிதக்கும் வெப்பமூட்டி வாங்கினால் மின்கசிவில் தானே துண்டிக்கும் இணைப்பில்தான் அதை மாட்ட வேண்டும்.

கயல்

நானும் கேட்கலாமா? எங்கள் பக்கம் பனி உறைவதே இல்லை. குளத்தில் திலாப்பியாவும் ரோகுவும் இருக்கின்றன. தண்ணீர் 17 டிகிரிக்கு வந்துவிட்டது. மீன் இரையைத் தொடுவதில்லை. மேலே நீங்கள் சொன்ன அளவுகள் எனக்கும் பொருந்துமா?

செங்கெண்டை

பொருந்தாது. இவை வெப்பநீர் மீன்கள். திலாப்பியா 16, 17 டிகிரியிலேயே இரையை விட்டுவிடும். 10 முதல் 12 டிகிரியில் இறக்கத் தொடங்கும். ரோகுவும் 18 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடும். தங்கமீனுக்கு 8 டிகிரி எப்படியோ, உங்கள் மீனுக்கு 17 டிகிரி அப்படி. எனவே இப்போதே தீவனத்தை நிறுத்துங்கள். தின்னாமல் மிதக்கும் தீவனத்தை வலையால் எடுத்துவிடுங்கள்.

பி.எச். ஒன்றாகவே இருந்தாலும் உங்கள் தண்ணீரில் அமோனியாவின் நஞ்சு கரையோரத்தின் குளத்தைவிட அதிகம். மேகமும் மூடுபனியும் தொடர்ந்து நீடித்தால் பாசி போதிய உயிர்வளி தராது. விடியலுக்கு முன் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். இரவில் காற்றுப் பம்பை ஓட விடுங்கள். உடம்பில் சிவந்த புள்ளியோ புண்ணோ தெரிகிறதா என்று வாரந்தோறும் பாருங்கள். புண்நோயை உண்டாக்கும், பூஞ்சை போன்ற அஃபனோமைசிஸ் கிருமி பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரி வரையிலான குளிர்ந்த நீரில்தான் கிளம்பும். அதற்குச் சுண்ணாம்பு இடச் சொல்வார்கள். சுட்ட சுண்ணாம்பை மீன் உள்ள சிறிய குளத்தில் கொட்டினால் பி.எச். விர்ரென்று ஏறி, மேலே சொன்ன அமோனியாக் கணக்கு உங்கள் மீனைக் கொன்றுவிடும். வேண்டுமானால் சுண்ணாம்புக்கல் பொடியை மட்டும் இடுங்கள்.

கரையோரம்

நைட்ரைட் 0.25-லிருந்து 0.5 ஆகிவிட்டது. அமோனியா சற்றுக் குறைந்து 0.75. உப்பு போடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அமோனியாவைப் பிடிக்கும் சியோலைட் என்ற கனிமமும் கையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போடலாமா?

நீர்முள்ளி

சேர்த்துப் போடவே கூடாது. சியோலைட் அமோனியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு சோடியத்தை விடும். தண்ணீரில் உப்பு ஏறினால் அந்த வினை திரும்பி, பிடித்த அமோனியாவைக் குளத்தில் கக்கிவிடும். நிறைந்த சியோலைட்டை உப்புநீரில் ஊறவைத்துப் புதுப்பிப்பதே இந்த முறையில்தான்.

உங்களுக்கு இப்போது எது தேவை? நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் கலந்து, உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும், இரத்தம் பழுப்பாகும். உப்பில் உள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டின் வழியை மறிக்கும். லிட்டருக்கு 1 கிராம், அதாவது உங்கள் குளத்துக்கு 6 கிலோ உப்பு தாராளமாகப் போதும். சேர்மானம் இல்லாத உப்பாக வாங்கி, மூன்று நாளாகப் பிரித்து, கரைத்து ஊற்றுங்கள். நீர் ஆவியானாலும் உப்பு போகாது. தண்ணீரை மாற்றும்போதுதான் குறையும். மாற்றிய அளவுக்கு மட்டும் மீண்டும் சேருங்கள். நீர்ச்செடி நிறைய இருந்தால் உப்பை யோசித்துத்தான் போட வேண்டும்.

நைட்ரைட் இல்லாமல் அமோனியா மட்டும் இருந்திருந்தால் சியோலைட்டைத்தான் சொல்லியிருப்பேன். அது பாக்டீரியாவை நம்பி இல்லை. குளிரிலும் வேலை செய்யும்.

செங்கெண்டை

அமோனியாவுக்குத் தண்ணீர் மாற்றமே போதும், ஆனால் சிறிய அளவில். வாரத்துக்கு 10 சதவீதம்: 600 லிட்டர். குழாய்நீரில் குளோரின் இருந்தால் சோடியம் தயோசல்பேட் கலந்து முறித்துவிட்டு ஊற்றுங்கள். குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்த பொருள்) கலந்த நீரைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. அது எளிதில் ஆவியாகாது, முறித்தாலும் அமோனியாவை விட்டுச்செல்லும். ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் அதில் உயிர்வளி குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கும், குளத்தைவிட வெதுவெதுப்பாகவும் இருக்கும். தொட்டியில் பிடித்து ஓர் இரவு காற்றுக்கல் போட்டு வைத்து, மறுநாள் மதியம் சிறு ஓட்டமாக விடுங்கள்.

கரையோரம்

சில வாரமாக நீங்கள் சொன்னபடியே செய்து வருகிறேன். இன்றைய அளவுகள்: அமோனியா 0.25, நைட்ரைட் 0.1, கார்பனேட் கடினத்தன்மை 5 டிகிரி, பி.எச். காலையில் 7.9, மதியம் 8.2. துடுப்பை ஒட்டிவைத்திருந்த கோய்கள் இரண்டும் துடுப்பை விரித்துவிட்டன. மதியத்தில் இப்போது 11 டிகிரி வரை போகிறது. தீவனத்தைத் தொடங்கலாமா?

பாசிமணி

கேட்கவே மகிழ்ச்சி! ஆனால் இன்னும் பொறுங்கள். மதிய அளவை விட்டுவிடுங்கள்; விடியல் அளவு ஒரு வாரம் தொடர்ந்து 10-க்கு மேல் நிற்க வேண்டும். அப்போதும் கோதுமைமுளைத் தீவனம் போலப் புரதம் குறைந்ததாக, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும்.

செங்கெண்டை

உப்பை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். மீனின் பசி பாக்டீரியாவுக்கு முன்பே விழித்துவிடும். அமோனியாவை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா எழுந்த பிறகுதான் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா எழும். இடையில் நைட்ரைட் மறுபடி ஏறும். புண் உண்டாக்கும் ஏரோமோனஸ் கிருமியும் மீனின் எதிர்ப்புச் சக்தி முழுதாகத் திரும்பும் முன்பே வேலையைத் தொடங்கிவிடும். தீவனம் தொடங்கிய நாளிலிருந்து அமோனியாவையும் நைட்ரைட்டையும் வாரம் இரு முறை பாருங்கள். நைட்ரைட் 0.25-ஐத் தாண்டினால் தீவனத்தை நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.